என் மனைவியின் துவக்குக்கு ஒரு ஸ்பிரிங்

என் மனைவி வேட்டை அனுமதிப் பரீட்சையில் சித்தியடைந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. டென்மார்க்கின் சில்க்போர்க்கில் வீடு வீடாகக் காரில் போய் வயதானவர்களுக்கு மருந்து கொடுப்பதும் காயம் கட்டுவதும் அவள் வேலை. கூட வேலை செய்யும் டேனிஷ் பெண் ஒருத்தி வேட்டைக்குப் போகிறவள். அவளோடு கதைத்துக் கதைத்து இவளும் வகுப்பில் சேர்ந்தாள். பரீட்சை முடிந்ததும் பாவித்த அரைத் தானியங்கித் துவக்கு ஒன்றை வாங்கி, மேல் அறையில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நான் கண்ட துவக்குகள் எல்லாம் எங்களை நோக்கித்தான் நீட்டப்பட்டிருந்தன. அவளுக்கும் அது தெரியும்.

"உங்களைத் தொடச் சொல்லி நான் கேக்கேல்லை. நான் தொடுறன்," என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, சுடுதளத்திலிருந்து முகம் வாடி வந்தாள். ஒரு ரவை சுட்டதும் அந்த வகைத் துவக்கு வெறும் கோதை, அதாவது வெடித்த ரவையின் உறையை, தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்ற வேண்டும். இவளுடைய துவக்கு ஆறாவது கோதை உள்ளேயே விட்டுவிட்டதாம். கோதின் விளிம்பைப் பிடித்து இழுக்க ஒரு சின்னக் கொளுக்கி இருக்கிறது. அந்தக் கொளுக்கியை அழுத்தி வைத்திருப்பது அதைவிடச் சின்ன ஒரு ஸ்பிரிங். அது களைத்துப்போயிருக்கும், மாற்றுங்கள் என்று துவக்குக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவரிடம் மூன்று வகை இருந்தன: துவக்கு செய்த கொம்பனியினுடையது, மலிவான ஒன்று, "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்று அவர் எடுத்துக் காட்டிய கடினமான ஒன்று. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். மூன்றும் சேர்ந்து ஒரு நகத்தளவுகூட இல்லை.

"மூண்டும் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"எது நல்லது எண்டு பாக்கிறதுக்கு. உங்கட மெசினிலை வைச்சு அளக்கலாமே?"

நான் கிரின்ஸ்டெட்டில் ஸ்பிரிங் செய்கிற ஆலை ஒன்றில், அளவு பார்க்கும் பகுதியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். அந்த வேலையைப் பற்றி வீட்டில் யாரும் இப்படி ஆர்வமாகக் கேட்டதில்லை. பொறுப்பாளரிடம் அனுமதி வாங்கி, வேலை முடிந்த பிறகு பழையதையும் சேர்த்து நான்கையும் அளந்தேன். பழையது நன்றாகத் தளர்ந்திருந்தது. கொம்பனியினுடையதும் மலிவானதும் ஏறக்குறைய ஒரே பலம். கடினமானது அவற்றை விட ஒன்றரை மடங்கு தள்ளியது.

"பெலமானதைப் போடும். விசயம் முடிஞ்சுது," என்றேன்.

"உங்கட மெசின் அப்பிடிச் சொல்லுது. துவக்கு என்ன சொல்லுது எண்டு பாக்க வேணும்," என்றாள். பிறகு கொளுக்கியைக் கழற்றி, அது இருந்த பள்ளத்தை மெல்லிய தூரிகையால் துடைக்கத் தொடங்கினாள். பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு முதலில் சுடப்போவதாகச் சொன்னாள். எனக்குப் புரியவில்லை.

"காயம் ஆறேல்லை எண்டால் மருந்தை மாத்த முதல் காயத்தைக் கழுவிப் பாக்க வேணும். ஊத்தையிலை பிழையோ ஸ்பிரிங்கிலை பிழையோ, தெரியாமல் மாத்தி என்ன பிரயோசனம்?"

அடுத்த சனிக்கிழமை நானும் அவளோடு போனேன். காதை மூடிக்கொண்டு பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். முதல் சில வெடிகளுக்கு என் தோள் தானாகக் குலுங்கியது. பிறகு நான் அவளுடைய கைகளை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் இருபது ரவை, எல்லாம் ஒரே வகை. விழுந்த கோதுகளைப் பொறுக்கி வரிசை குழம்பாமல் முட்டை அட்டையில் அடுக்கினாள். வீட்டுக்கு வந்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றின் விளிம்பையும் பார்த்தாள்.

பழையது துடைத்த பிறகும் இரண்டு தரம் கோதை விட்டுவிட்டது. ஆகவே பிழை ஸ்பிரிங்கில்தான். மற்ற மூன்றும் எல்லாக் கோதுகளையும் வெளியே எறிந்தன. ஆனால் கடினமானது போட்டுச் சுட்ட கோதுகளில் விளிம்பு கடிபட்டிருந்தது, சிலதில் வளைந்தும் இருந்தது. கண்ணாடியை என்னிடம் தந்தாள். நான் பார்த்துவிட்டு, கடினமான ஸ்பிரிங்கை எடுத்து ஒரு பக்கம் ஒதுக்கி வைத்தேன்.

மிச்சம் இரண்டு. இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்தன. மான் வேட்டை தொடங்க ஒரு கிழமைதான் இருந்தது. ஏதாவது ஒன்றைப் போடும் என்றேன்.

"இது பெட்டிக்குள்ள மாதக்கணக்கா அமத்துப்பட்டுத்தானே கிடக்கப் போகுது. அமத்தி வைச்சுப் பாப்பம்."

ஆலையில் நாங்கள் ஒவ்வொரு நாளும் செய்கிற சோதனை அது. எனக்கு அது தோன்றவில்லை என்பதில் வெட்கமாக இருந்தது. இரண்டையும் ஒரே அளவுக்கு அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் கவ்வி செய்து கொடுத்தேன். பத்து நாள் விட்டோம்.

அதற்கிடையில் வேட்டை தொடங்கும் நாள் வந்தது. அந்த டேனிஷ் சிநேகிதி விடிய நாலு மணிக்குக் கார் கொண்டுவந்தாள். என் மனைவி துவக்கில்லாமல் தூரநோக்கியும் கோப்பிப் போத்தலும் எடுத்துக்கொண்டு போனாள். "நம்பிக்கையில்லாத சாமானைக் கொண்டுபோய் ஒரு உயிரைச் சுடக்கூடாது," என்றாள். ஒரு வருடமாக அந்த விடியலுக்காகக் காத்திருந்தவள் அவள். சிநேகிதிக்கு ஒரு ஆண் மான் கிடைத்தது. அதைப் பற்றி இவள் மத்தியானம் வரை சந்தோசமாகவே கதைத்தாள்.

பத்தாம் நாள் திரும்ப அளந்தேன். மலிவானது கட்டையாகி, பலத்தில் நல்ல பங்கை இழந்திருந்தது. கொம்பனியினுடையது அப்படியே இருந்தது. அதையே அவள் துவக்கில் போட்டாள்.

முடிவைத் தாளில் எழுதிக்கொண்டு அவள் கடைக்குப் போனாள். நானும் போனேன். கடினமானதைப் பற்றி இதுவரை யாரும் குறை சொன்னதில்லை என்றார் கடைக்காரர். அவள் வாதாடவில்லை, முட்டை அட்டையை மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியையும் பக்கத்தில் வைத்தாள். அவர் நெடுநேரம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு, அந்தத் தாளைப் படம் எடுக்கலாமா என்று கேட்டார். "ஓம், எடுங்கோ," என்று பழக்கதோசத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

இலையுதிர் காலத்தில் அவளுக்கு முதல் மான் கிடைத்தது. ஒரே வெடி என்று சிநேகிதி சொன்னாள். அன்று மாலை அவள் களைத்துப்போய்ச் சோபாவில் நித்திரையாகிவிட்டாள். துவக்கைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுத்திருந்தாள். நான் வெங்காயம் வெட்டி, சரக்குத்தூள் போட்டு, இறைச்சியை அடுப்பில் ஏற்றினேன்.