பிள்ளையாரை வலமாகப் பத்துச் சுற்று

"...அப்போ பிள்ளையாரை நான் இடமாச் சுத்தணுமா? நல்லா இருக்கு தம்பி நீங்க சொல்றது!"

சொன்னது என் மனைவி. கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாக வந்தவர் அடையாறில் எங்கள் வீட்டருகே இருக்கும் பூங்காவின் காவலாளி. அவள் நிற்கவில்லை. நின்றால் ஹம்பி கிடையாது.

போன வருஷம் அவளுக்கு வலது முட்டியில் ஆபரேஷன். படுத்திருந்த நாட்களில் வாடகை நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்ததை எல்லாம் படித்துத் தீர்த்தாள். அதில் ஹம்பி போய்வந்த ஒருவர் எழுதிய புத்தகம் ஒன்று. அதை மூடி வைத்துவிட்டு, "ஏங்க, அந்தப் பாறை மேல ஏறி நின்னு துங்கபத்திரையைப் பாக்கணும்" என்றாள். அறுபத்தேழு வயது. நாங்கள் இருவரும் சேர்ந்து போன ஊர்கள் என்றால் சொந்தக்காரர் கல்யாணம் நடந்த ஊர்கள்தான். நான் உடனே சரி என்றேன். மகன் சொல்லவில்லை.

"பாறையில கால் பிடிச்சுக்கிச்சுன்னா யாரும்மா தூக்கிட்டு வர்றது?"

"உன்னை அஞ்சு வயசு வரைக்கும் இடுப்புலயே வச்சிருந்தேனே, அப்போ நான் யாரைக் கேட்டேன்?"

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். தி. நகரில் ஜவுளிக் கடையில் சேலை பிரித்துக் காட்டிக்கொண்டே, வருகிறவர்கள் பேச்சைக் கேட்டுப் படித்தவன். "பார்டர் என்னைவிட அழகா இருக்கு, வேணாம் எடுத்து வைங்க" என்று ஓர் அம்மாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்ட பேச்சில் பாதிக்கு மேல் என் வீட்டுக்குள் இவளிடம் கேட்டதுதான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை.

கடைசியில் மகன் ஒரு பந்தயம் வைத்தான். பூங்காவில் உட்காராமல், நிற்காமல் பத்துச் சுற்று. நடந்துவிட்டால் டிக்கெட் போடுகிறேன் என்றான். இரண்டு மாதம் மொட்டை மாடியில் பழகினாள். தண்ணீர்த் தொட்டியைக்கூட வலமாகத்தான் சுற்றினாள். மயிலாப்பூரில் கோயிலை ஒட்டி முப்பத்தைந்து வருஷம் குடியிருந்தவர்கள் நாங்கள். மாலை நடை என்றால் நாலு மாட வீதி, கோயில் எப்போதும் வலக்கைப் பக்கம். கால் தானாக அப்படித்தான் திரும்பும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையிலும் திரும்பியது. பூங்காவின் நடுவில் அரசமரம், அதன் அடியில் ஒரு சின்னப் பிள்ளையார். வாசலில் நடக்கும் திசையைக் காட்டி அம்புக்குறி போட்ட பலகை வேறு இருந்திருக்கிறது. பிள்ளையாரைப் பார்த்த கண்ணில் அது படவில்லை. ஊரே ஒரு பக்கம் வர, அவள் எதிர்ப்பக்கம் போனாள். "மேடம், ராங் சைட்ல வர்றீங்க!" என்றார் ஷூ போட்ட பெரியவர் ஒருவர். "வழி விடுங்க சார், அஞ்சாவது சுத்து!" என்றாள்.

ஏழாவது சுற்றில்தான் காவலாளி விசில் ஊதிக்கொண்டு வந்தார்.

"யம்மா, அத்தினி பேரும் அப்டிக்கா போய்க்கினு கீறாங்க, நீ மட்டும் எதுக்கால வந்தா எப்டி? ஆராவது இடிச்சிக்கினு வுழுந்தா என்னியத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்குத்தான் அவள் பிள்ளையாரை இழுத்தாள்.

"அம்மா, திரும்பி நடந்துடேன். சாமி ஒண்ணும் நெனச்சுக்காது" என்றான் மகன்.

"சாமி நெனச்சுக்காது. நான் நெனச்சுப்பேன்."

ஏழாவது சுற்று வாசலருகே முடிந்தது. விசில்காரர் வாயைத் திறப்பதற்குள், அவள் நடை தளராமல் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போய், வலப்பக்கம் திரும்பி, பூங்காவின் சுற்றுச்சுவரை ஒட்டியே நடக்க ஆரம்பித்தாள். நடுவில் இருக்கும் பிள்ளையார் அவளுக்கு இன்னும் வலப்பக்கம்தான்.

"அம்மா, வெளிச்சுத்து பெருசும்மா!" என்று மகன் கத்தினான்.

காவலாளி விசிலைச் சட்டைப் பையில் போட்டார். "வெளிய நம்ம ரூலு இல்ல சார், வுடு" என்றார்.

நாங்கள் மூவரும் வாசலில் நின்றோம். இளநீர் வண்டிக்கு அந்தப் பக்கம் போனவள், வெகுநேரம் கழித்து மறுமுனையில் தெரிந்தாள். நெற்றி முழுக்க வேர்வை. கால் மட்டும் ஒரே சீராக விழுந்தது. மகன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே ஓடினான்.

"போதும்மா, ஒத்துக்கறேன். இப்பவே டிக்கெட் போட்டுடறேன்."

"போடு, போடு. பத்துன்னா பத்து."

மிச்சம் இரண்டு என்று விரலைக் காட்டிவிட்டு, அவனை விலக்கிவிட்டு, அடுத்த திருப்பத்தை நோக்கி நடந்தாள்.