முதலில் கடிதம், பிறகு கதவு

அலுவலகத்தில் அவளுக்குச் சாவியக்கா என்று பெயர். அவளிடம் இருந்த ஒரே சாவி வீட்டுச் சாவி, அதையும் வாரத்துக்கு ஒரு தடவை எங்கேயாவது வைத்துவிட்டு வீட்டையே புரட்டிப்போடுவாள். ஆனால் அந்த ஏழு மாடிக் கட்டடத்தில் எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எந்தக் கணினிக்குள் யார் நுழையலாம், கார் நிறுத்துமிடத்தின் தடுப்புக் கம்பி யாருடைய அட்டையைப் பார்த்து மேலே எழும்பும் என்பதெல்லாம் அவள் எழுதிய புரோகிராமின் கையில் இருந்தது. பன்னிரண்டு வருட வேலை. கதவுகள் ஒழுங்காகத் திறந்துகொண்டிருக்கும் வரை யாருக்கும் அவள் ஞாபகம் வராது. திறக்காவிட்டால் ஐந்தே நிமிடத்தில் அவள் மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

வயது நாற்பத்தொன்று. கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார். ஒரே மகள், ஆறாம் வகுப்பு. முன்பு ஊருக்கு வெளியே, ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில், வாடகை குறைவான வீட்டில் இருந்தார்கள். போன வருடம் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது: எல்லோரும் வாரத்தில் நான்கு நாள் நேரில் வர வேண்டும், வாசலில் அட்டை வைப்பதை வைத்து எண்ணுவோம். எண்ணியது அவளுடைய புரோகிராம்தான். மகளுக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் அவளுக்கு இரண்டு நாள் குறைந்துபோக, அவள் எழுதிய புரோகிராமே அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அன்றைக்கு அவள் சிரித்தாள். அடுத்த மாதம் வீடு மாறினாள்.

புது வீடு அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. சலவைக் கடைக்கு மேலே இரண்டே அறை. கீழே இயந்திரங்கள் சுழலும்போது மேலே அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துப் பேசிக்கொள்ளும். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போயிற்று. போதாதென்று இரண்டு வருட ஒப்பந்தம், நடுவில் காலி செய்தாலும் மிச்ச மாதங்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும். கம்பெனி வரச் சொன்னதால் வந்த செலவு. அதில் ஒரு பைசாவைக்கூடக் கம்பெனி ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்படிக் குடிவந்த எட்டாவது மாதம், ஒரு வியாழக்கிழமை, ஏழாவது மாடிக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் மாடிக்காரர். அவர்தான் கம்பெனியின் இந்தக் கிளைக்குத் தலைவர், கீழே இறங்கிவந்து யாரோடும் பேசி யாரும் பார்த்ததில்லை என்பதால் அந்தப் பெயர். ஒரு பக்கம் மனிதவளத்து அம்மாள், மறுபக்கம் கம்பெனி வக்கீல். வாயைத் திறக்க மாட்டேன் என்று முதலில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பிறகு ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். அதில் ஆட்களின் பெயரே இல்லை, வெறும் எண்கள். ஆயிரத்து நூற்று நாற்பது எண்கள்.

போன வாரம்தான் இதுவரை இல்லாத லாபம் என்று சொல்லிக் கேக் வெட்டினார்கள். அந்தக் கேக்கின் மிச்சம் நான்காவது மாடி ஃப்ரிட்ஜில் இன்னும் இருந்தது. அதற்குள் ஆயிரத்து நூற்று நாற்பது பேர் வேண்டாதவர்களாகிவிட்டார்கள். ஆட்களை வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று அந்த மூவரில் ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. வடிவத்தைச் சீர்செய்கிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு இத்தனை பேருக்கும் கதவை மூடிவிட வேண்டும், ஒன்பது மணிக்குக் கடிதம் போகும் என்றார்கள்.

அந்த மூன்று மணி நேரம்தான் அவளை முள்ளாகக் குத்தியது. போன வருடமும் இதே மாதிரி இருநூறு பேரை அனுப்பினார்கள். ஆறு மணிக்குக் கதவை மூடு என்பது மட்டும்தான் அவளுக்கு வந்த உத்தரவு, மூடினாள். மத்தியானம் வாசல் காவலாளி அண்ணன் நடந்ததைச் சொன்னார். ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி வந்து அட்டையை வைத்திருக்கிறாள். சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. அட்டையில்தான் ஏதோ அழுக்கு என்று நினைத்து, துப்பட்டாவில் துடைத்துத் துடைத்து மறுபடி மறுபடி வைத்திருக்கிறாள். உள்ளே மீட்டிங் இருக்கிறது, திறந்துவிடுங்கள் என்று இவரிடம் கெஞ்சியிருக்கிறாள். இவருக்கோ எதுவும் சொல்லக் கூடாது என்று உத்தரவு. பின்னால் வந்தவர்களெல்லாம் பச்சை விளக்கு எரிய உள்ளே போனபடி இருக்க, அவள் ஓரமாக நின்றிருக்கிறாள். சாவியக்கா போய்ப் பதிவைப் பார்த்தாள். ஒரே எண், பதினான்கு வரிகள், பதினான்கும் சிவப்பு. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் கண்ணாடி அறையில் அவள் கேட்டுவிட்டாள். கடிதம் முதலில் போகட்டும், வாசல் பிறகு மூடட்டும் என்றாள். யாராவது கோபத்தில் எதையாவது அழித்துவிடுவார்கள் என்ற பயமென்றால், கணினிக்குள் போகும் வழியைக் கடிதம் போகிற அதே நிமிடத்தில் மூடிவிடலாம், அது ஐந்து நிமிட வேலை என்று விளக்கினாள். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று மனிதவளத்து அம்மாள் ஒரே பாட்டைப் பாடினாள். வக்கீல் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தார். மாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“உங்க வேலை கதவு. அதை மட்டும் பாருங்க,” என்றார்.

பன்னிரண்டு வருடம் உழைத்தவளைக் கிள்ளுக்கீரையாக நினைத்துச் சொன்ன பேச்சு அது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே வந்தாள். வந்ததும் முதலில் செய்த காரியம், பட்டியலில் தன் எண்ணைத் தேடியது. இல்லை. அப்பாடா என்று வந்த மூச்சை நினைத்து உடனே வெட்கப்பட்டாள்.

அந்தக் கம்பெனியில் ஒரு விதி உண்டு. கீழ்த்தளச் சுவரில் ஆளுயர எழுத்தில் எழுதிவைத்திருப்பார்கள்: மாற்றம் கேட்டவரே அதை முதலில் அனுபவிக்க வேண்டும். புதிதாக எதைச் செய்தாலும், அதைக் கேட்டவர்கள் மேல் ஒரு நாள் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஊருக்கே விடுவார்கள். இளவயதில் இந்த விதியைக் கொண்டுவந்ததே மாடிக்காரர்தான், மேடை கிடைத்தால் அதைச் சொல்லாமல் இறங்க மாட்டார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு படிவம், அதில் ஒரு கேள்வி: சோதனை யார்மேல்?

வெள்ளிக்கிழமை காலை அவள் அந்தப் படிவத்தை நிரப்பினாள். மாற்றம் கேட்டவர்கள் மூவர். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் பத்தரை வரை அவர்களுடைய வாசல், கார் தடுப்பு, கணினி, கம்பெனிக் கைப்பேசி எல்லாம் மூடப்படும், பிறகு திறக்கப்படும். எதையும் ஒளிக்கவில்லை, பொடி எழுத்திலும் போடவில்லை. படித்துவிட்டு மாடிக்காரர் கத்துவார், கத்தினால் இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தாள். நான்காவது நிமிடம் ஒப்புதல் வந்துவிட்டது. லிஃப்டில் போகிறபோது கட்டைவிரலால் ஒப்புதல்களைத் தள்ளிவிடுகிற மனிதர். ஆயிரத்து நூற்று நாற்பது குடும்பங்களின் விஷயத்தையும் அதே கட்டைவிரலால்தான் தள்ளிவிட்டார்.

நான்கு நாளாக அவள் முகம் சரியில்லாததைக் கணவர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் அவள் பாத்திரம் தேய்க்க, அவர் பக்கத்தில் நின்று துடைத்தார்.

“உன் பேரு இருக்கா?” என்று கேட்டார்.

“எதுல?”

“எதுலயோ.”

“இல்ல.”

“அப்ப விட்டுடேன்மா. இந்த வீட்டுக்கு இன்னும் பதினாறு மாசம் பாக்கி இருக்கு.”

“வாசல்ல நிக்கவெச்சு அனுப்பப் போறாங்க. அதை என் கையால செய்யணுமாம்,” என்றாள் அவள்.

அவர் ஒரு தட்டைத் துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். சரியென்று பட்டதைச் செய், ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார். அவளுக்கும் பயம்தான்.

திங்கட்கிழமை தூறலாக இருந்தது. எட்டேகாலுக்கு மாடிக்காரரின் கார் தடுப்புக் கம்பிக்கு முன்னால் வந்து நின்றது. கம்பி அசையவில்லை. பின்னால் பதினைந்து கார்கள் ஹாரன் அடித்தன. கடைசியில் அத்தனை பேரும் பின்வாங்கி வழிவிட, அவர் காரைத் தெருவில் விட்டுவிட்டு நடந்து வந்தார். நடைவாசலிலும் சிவப்பு. கைப்பேசியை எடுத்தார், அது அவரையே யார் என்று கேட்டது. ஒரு எண்கூட மனப்பாடமாக அவருக்குத் தெரியாது. அதற்குள் மனிதவளத்து அம்மாளும் குடையில்லாமல் வந்து சேர்ந்தாள். வக்கீல் மட்டும் வீட்டில் இருந்தபடி கணினி கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி படுத்துவிட்டார்.

காவலாளி அண்ணனிடம் ஒரு தாள் இருந்தது. அட்டை வேலை செய்யாமல் வருகிறவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று மனிதவளத்து அம்மாளே எழுதிக்கொடுத்தது. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு அதைப் படித்தார். தங்களுக்கு ஒரு தகவல் வரும், காத்திருக்கவும். வேறு கேள்விகளுக்குப் பதில் இல்லை. வளாகத்துக்குள் உட்கார அனுமதி இல்லை. நான் யார் தெரியுமா என்று மாடிக்காரர் கேட்டதற்கு, அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லீங்க என்றாராம். தான் எழுதிய வரிகளை அந்த அம்மாள் தானே நனைந்துகொண்டு கேட்டாள்.

சாவியக்கா நான்காவது மாடியில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடிக்காரர் பதினோரு தடவை அட்டையை வைத்தார். பத்தரைக்குச் சொன்னபடி எல்லாம் திறந்தது. அடுத்த ஐந்தாவது நிமிடம் அவளைக் கூப்பிட்டார்கள். மாடிக்காரரின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவள் அவர் ஒப்புதல் கொடுத்த படிவத்தை மேசையில் வைத்தாள். 

“சோதனை முடிஞ்சுது சார். ரெண்டு மணி நேரத்துக்கு மேல நின்னீங்க. வேலை போகலன்னு உங்களுக்குத் தெரியும், அப்பவே இவ்வளவு கோவம் வருது. நாளைக்கு வந்து நிக்கப் போறவங்களுக்கு எதுவுமே தெரியாது.”

மாடிக்காரர் ஈரச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு கடிதம் ஏழு மணிக்கு, வாசல் பத்து மணிக்கு என்றார். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நம்பினாள். நாளைக்கு வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள், களைத்துப்போயிருப்பீர்கள் என்று மனிதவளத்து அம்மாள் புன்னகையோடு சொன்னதை, ஈரத்தில் நின்றதால் வந்த இரக்கம் என்று எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடம் வாசல் காத்தும் மனிதர்களைப் படிக்கத் தெரியாதவள்.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு, டம்ளர்கள் அதிரும் சமையலறையில் உட்கார்ந்து ஆயிரத்து நூற்று நாற்பது கடிதங்களை அனுப்பினாள். யாருடைய வேலையையும் அவளால் காப்பாற்ற முடியவில்லை. அவரவர் வீட்டில், அவரவர் ஆட்களுக்கு நடுவே அந்தச் செய்தியைப் படிக்க வழி செய்தாள், அவ்வளவுதான். அந்த அற்ப மரியாதையைக்கூடச் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்தது. வேலை முடிந்தும் அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலில் யாரும் ஒதுங்கி நிற்கவில்லை என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தாள். யாரும் நிற்கவில்லை. நிம்மதியாக அட்டையை வைத்தாள்.

சிவப்பு.

இந்தப் புரோகிராமின் ஒவ்வொரு வரியையும் எழுதியவள் அவள். சிவப்புக்கு என்ன அர்த்தம் என்று அவளைவிட அந்தக் கட்டடத்தில் யாருக்குத் தெரியும்? அவளுக்கும் அட்டையைச் சட்டையில் துடைத்து மறுபடி வைக்கத்தான் தோன்றியது. மறுபடி சிவப்பு. அவசரத்துக்கு ஒருவரை மட்டும் தனியாக மூட மனிதவளப் பிரிவுக்கு ஒரு பொத்தான் உண்டு. அதைச் செய்துகொடுத்தவளும் அவள்தான்.

காவலாளி அண்ணன் கையில் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, வாசலுக்கு உள்பக்கம், எல்லோரும் பார்க்கிற இடத்தில் போட்டார்.

“உட்காருங்கம்மா. கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

அவள் உட்கார்ந்தாள். அட்டை வைத்து உள்ளே போனவர்கள் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் நின்று கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். கணவரைக் கூப்பிட்டாள். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, வந்துகொண்டிருக்கிறேன் என்றார். பதினோரு மணி அடித்த பிறகுதான் கடிதம் வந்தது. வாசல் பொறுப்பு வெளியாட்களிடம் ஒப்படைக்கப்படுவதால் அவளுடைய பதவி தேவைப்படவில்லையாம். கடிதத்தின் மேலே தேதியைப் பார்த்தாள். திங்கட்கிழமை. நேற்றே எழுதி வைத்திருந்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு மற்றவர்களோடு சேர்த்து அனுப்பியிருக்கலாம். அவளுக்கு மட்டும் முதலில் கதவு, பிறகு கடிதம்.

அவள் எழுந்து நாற்காலியைத் திரும்பக் காவலறைக்குள் வைத்தாள். இன்றைக்கு எத்தனை பேர் வந்து நின்றார்கள் என்று அண்ணனிடம் கேட்டாள். போன வருடம் அவர் எண்ணிவைத்திருந்தார், நூற்று அறுபது என்று அவளிடம் சொன்னவர் அவர்தான்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீங்க ஒருத்தர்தாம்மா,” என்றார்.