பொதிகை இல்லத்து லட்சுமிகள்

திருவனந்தபுரத்துக்கு வந்து முப்பத்தெட்டு வருஷமாகிறது. இன்னமும் கூரியர்காரர் போனில் "வீட்டுப்பேரு எந்தா சேட்டா?" என்று கேட்டால் எனக்கு ஒரு நொடி நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இங்கே மனிதர்களுக்குப் பெயர் இருப்பதுபோல வீடுகளுக்கும் பெயர் உண்டு. ஓலைக் குடிசையானாலும் உண்டு. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும், எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும், பெயருக்கு அடுத்த கட்டம் வீட்டுப்பெயருக்கு. எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் இன்னார் மகன், இன்ன தெரு என்றால் தீர்ந்தது. வீட்டுக்குப் பெயர் வைப்பது வசதியானவர்கள் கல்லில் வெட்டி மாட்டிக்கொள்ளும் சமாச்சாரம். நான் வாடகைக்கு இருந்த ஆறு வீடுகளில் ஐந்துக்கு உடைமைக்காரர் வைத்த பெயர் இருந்தது. ஆறாவதுக்கு இருந்ததா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இங்குள்ள தமிழர் சங்கம் ஒன்று நடத்தும் மாத இதழில் போன வருஷம் புரட்டாசி முதல் ஒரு பக்கம் எழுதிவருகிறேன். நம் ஆட்கள் பிழைக்க வந்த இந்த ஊரில் தங்கள் குடும்பத்தின் தடயத்தைத் தேட வேண்டுமென்றால் எங்கே போய் எதைக் கேட்பது என்பதுதான் விஷயம். பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரோடு சொந்த ஊரும் இருக்கும், தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தால் பார்க்க விடுவார்கள். பழைய ரேஷன் கார்டைப் பழசென்று தூக்கிப் போடாதீர்கள், அதன் பின்பக்கத்து முத்திரைதான் எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றிவருகிறார்கள், பெயரும் வீட்டுப்பெயரும் தெரிந்தால் உட்கார்ந்த இடத்தில் தேடலாம். இப்படி எழுதினேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.

அந்த இதழை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒருவர் சாலை என்ற கடைத்தெருவில் நான் வேலை பார்க்கும் அரிசி மண்டிக்கு வந்தார். பெயர் இசக்கிமுத்து. தென்காசியில் பஸ் டிரைவர். நாற்பதை நெருங்கும் வயது. அவருடைய அப்பா ஒரு காலத்தில் இதே சாலையில் மூட்டை தூக்கியவராம். இசக்கிமுத்துவுக்கு மூன்று வயதாயிருந்தபோது அம்மா இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோக, அப்பா அவரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். அதோடு முதல் மனைவியைப் பற்றிய பேச்சே வீட்டில் இல்லாமல் போயிற்று.

"அப்பா போன வருசம் தவறிட்டாவ. அவியளுக்குத் திதி குடுக்க பாவநாசம் போனேன். ஐயரு அம்மா இருக்காவளான்னு கேட்டாரு. இல்லைன்னேன். அவியளுக்கு என்னைக்கின்னு கேட்டாரு. தெரியலைன்னு சொல்ல வெக்கமாயிருந்துச்சு அண்ணாச்சி. அந்த ஒரு நாளை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

"அம்மா பேரு?"

"லெட்சுமி. அம்புட்டுத்தான் தெரியும். மழக்காலம்னு அப்பா ஒருக்கச் சொன்னாவ."

வீட்டுப்பெயர் தெரியுமா என்று பழக்கதோஷத்தில் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே, கேட்டிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் இங்கே வந்தபோது வயது இருபத்திமூன்று. மண்டியில் லாரிச் சீட்டு எழுதும் வேலை. கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்தே ஆறு மாதத்தில் மலையாள எழுத்தைப் பிடித்துவிட்டேன். அவ்வளவுதான், சாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டலில் இலை எடுக்கிறவர்கள், சித்தாள் வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் நான் எழுத்தர் ஆகிவிட்டேன். ஒரு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் காகிதத்தை நீட்டுவார்கள். வீட்டுப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பிக் கொடுப்பார். முதலில் முருகன் விலாசம், மீனாட்சி பவனம் என்று ஆளுக்கொன்றாக வைத்தேன். பிறகு சலித்துப்போய் எல்லோருக்கும் 'பொதிகை இல்லம்' என்றே எழுத ஆரம்பித்தேன். அந்த மலை அங்கிருந்தும் தெரியும், இங்கிருந்தும் தெரியும், அதனால் பொருத்தமான பெயர் என்று எனக்குள் ஒரு மெப்பு வேறு. கிழக்கேகோட்டை அக்ரகாரத்துக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் தலைமுறை தலைமுறையாக வேரூன்றியவர்கள், தெருவைச் சொன்னாலே ஆளைத் தெரிந்துவிடும். லைன் வீட்டில் எட்டுக்கு எட்டு அறையில் ஏழு பேராக இருந்த எங்கள் ஆட்களுக்குத்தான் நான் இல்லம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டும் நான்தான் எழுதினேன். புருஷன்மார் லாரியில் நிற்பார்கள். லோடு இறக்காமல் மேஸ்திரி விடமாட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரியோ காய்ச்சல்காரியோ பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்து நிற்பாள். வயது கேட்டால் "நீங்களே போடுங்க" என்பாள். நான் இருபத்தைந்து என்று போடுவேன். யாராயிருந்தாலும் இருபத்தைந்துதான். அடுத்த கட்டம் கணவன் பெயர். இங்கேதான் வண்டி நின்றுவிடும். நம் பக்கத்துப் பெண்கள் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்வார்களா? தலையைக் குனிந்துகொள்வாள். கூட வந்தவளுக்கு அவன் பெயர் தெரியாது. அண்ணன் என்றுதான் தெரியும். ஒருத்தி, ரொம்ப முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தவள், "ஒரு சாமி பேரு" என்றாள். எந்தச் சாமி என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்க நேரம் ஆகியிருக்கும். மண்டியில் லாரி காத்திருந்தது. சிரித்துக்கொண்டே அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டேன். அவள் லட்சுமியா, வேறு யாராவதா, என்ன வருஷம், பிழைத்தாளா என்று எதுவும் எனக்குத் தெரியாது. நான் எழுதிய சீட்டுகளைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரியில் இறப்புச் சீட்டு உட்பட மற்ற எல்லாவற்றையும் எழுதினார்கள் என்பது அப்போது தோன்றவும் இல்லை.

இசக்கிமுத்துவைக் கூட்டிக்கொண்டு பதிவு அலுவலகம் போனேன். அவருடைய வயதைக் கணக்கிட்டு இரண்டு வருஷங்களைக் குறித்துக் கொடுத்தோம். கணினி முன்னால் இருந்த பெண் பொறுமைசாலி. இறப்புப் பதிவேட்டில் லட்சுமி என்ற பெயரில் பக்கம் பக்கமாக வந்தது. நான் குரலைத் தாழ்த்தி, பொதிகை இல்லம் என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். இரண்டு வருஷத்தில் பல பெயர்கள், மாடத்தி, வேலம்மாள், சண்முகத்தாய் என்று எல்லோரும் பொதிகை இல்லம். அந்தப் பெண் வியந்துபோய்த் திரும்பினாள்.

"இத்ரெயும் ஆளுகள் ஒரு வீட்டிலோ? அது லாட்ஜாணோ சேட்டா?"

"ஆமா, லாட்ஜு மாதிரி" என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பட்டியலில் லட்சுமி இரண்டு பேர். ஒரே வருஷம், ஒரே ஆஸ்பத்திரி. ஒருத்தி ஐப்பசி, இன்னொருத்தி கார்த்திகை. இரண்டும் மழைக்காலம். வயது இருவருக்கும் இருபத்தைந்து. கணவன் பெயர் இருவருக்கும் கோடு.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டுப்பெயர் என் கற்பனை, வயது என் கற்பனை, கோடு என் அவசரம். ஐந்து நிமிஷம் நின்றிருந்தால், அல்லது சாயங்காலம் லோடு இறக்கிவிட்டு வந்த மனுஷனிடம் பெயரைக் கேட்டு எழுதியிருந்தால், இன்று இவர் கையில் ஒரு நாள் இருந்திருக்கும். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வேறொன்று கேட்டார்.

"அப்போ நீங்க எங்கம்மாவப் பாத்திருப்பீய. எப்படி இருப்பாவ அண்ணாச்சி? எங்கிட்ட ஒரு போட்டோகூட இல்ல."

"ஓர்மையில்ல தம்பி" என்றேன். ஞாபகம் என்ற சொல் அந்த நேரத்துக்கு வாயில் வரவில்லை. வருஷங்கள் போகப் போக இப்படித்தான், துக்கம் வந்தால்கூட மலையாளம் முந்திக்கொள்கிறது. ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம், சிவப்பாக இருந்தாள், சிரித்த முகம் என்று. ஏற்கெனவே அவளைப் பற்றி எழுதியதெல்லாம் பொய்யாக இருந்ததால் இன்னொன்று சொல்லத் துணியவில்லை.

கழக்கூட்டம் பஸ் ஒன்று போயிற்று, அடுத்தது போயிற்று. பிறகு, "ரெண்டு தேதியையும் எழுதிக் குடுங்க" என்றார். என் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நான்கு தடவை சரிபார்த்தேன்.

ஐப்பசியில் வந்தார். ஊரில் வைத்துக் கொடுக்கலாமே என்றதற்கு, செத்தது இந்த ஊரில்தானே என்றார். திருவல்லம் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். நமக்குத் திதி கணக்கு, மலையாளிகளுக்கு இறந்த நட்சத்திரம். இரண்டையும் பஞ்சாங்கத்தில் பார்த்துக் குறித்து வைத்திருந்தேன். நனைந்த வேட்டியோடு உட்கார்ந்து, தர்ப்பையை விரலில் மாட்டி, பூசாரி சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்னார். கார்த்திகையில் மறுபடி வந்தார். அன்றும் அதே பூசாரி. இலையைப் போட்டபடியே அடையாளம் கண்டுகொண்டார்.

"கழிஞ்ஞ மாசவும் அம்மைக்கல்லே பலி இட்டது?"

போன மாசமும் அம்மாவுக்குத்தானே திதி கொடுத்தது என்று கேட்கிறார் என்று நான் சொல்வதற்குள் இசக்கிமுத்துவுக்கே புரிந்துவிட்டது.

"ஆமா சாமி. எனக்கு ரெண்டு அம்மா."

அப்பா இரண்டு தாரம் கட்டியவர் என்று பூசாரி எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. தலையை ஆட்டிக்கொண்டு நீரை வார்த்தார். நான் படியில் தள்ளி நின்றேன். அந்த மனுஷன் இரண்டு தடவையும் ஒரே மாதிரி அழுதார். எந்த அழுகை சொந்தம், எது இரவல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு யோக்கியதை இல்லை.

இந்த மாதப் பக்கத்தில் பழைய வாக்காளர் பட்டியல்களைப் பற்றி எழுதுவதாக இருந்தேன். அதற்குப் பதில் ஒரே ஒரு ஆளுக்காக இதை எழுதுகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் எங்கேயோ, அம்மா திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தாள் என்பதைத் தவிர வேறொன்றும் தெரியாமல், ஆடி அமாவாசையில் பொத்தாம்பொதுவாக எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கிற இன்னொரு லட்சுமியின் பிள்ளைக்கு. மகனோ மகளோ, நீங்கள் இதைப் படித்தால் சாலை அரிசி மண்டிக்கு வாருங்கள். உங்கள் அம்மாவை அநாதையாக்கியவன் நான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஆனால் அவள் இந்த வருஷம் பசியோடு இல்லை. தென்காசிக்காரர் ஒருவர் அவளை அம்மா என்று கூப்பிட்டு ஒரு பிடி சோறு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஐப்பசியிலா கார்த்திகையிலா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.