புளியமரத்துக் கறுப்பு ராஜா

அந்த வண்ணத்துப்பூச்சிக்குத் தமிழில் பெயர் இருப்பதாக எனக்குத் தெரியாது. ஆங்கிலப் பெயரை அப்படியே மாற்றிக் கறுப்பு ராஜா என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். சிறகை விரித்தால் கருங்கபில நிறம், நடுவே வெளிறிய மஞ்சள் பட்டி, பின்சிறகில் இரண்டு குட்டை வால்கள். பூவுக்கு வராது. அழுகிய பழத்துக்கும் சாணத்துக்கும்தான் மர உச்சியிலிருந்து இறங்கும். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில், தோப்பூருக்கு அப்பால் வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் அதை ஒரே ஒருமுறை பார்த்தேன். அப்போது கையில் கமரா இல்லை.

பாடசாலைப் பிள்ளைகளுக்காக, எங்கள் மாவட்டத்து வண்ணத்துப்பூச்சிகளை வைத்து ஒரு படப் புத்தகம் போட வண்ணத்துப்பூச்சி தேடித் திரியும் நாங்கள் சிலர் முடிவெடுத்தோம். எல்லாப் படமும் திருகோணமலையிலேயே எடுத்ததாக இருக்கவேண்டும் என்பது பேச்சு. எல்லாம் சேர்ந்து, கடைசியில் கறுப்பு ராஜாவின் பக்கம் மட்டும் வெறுமையாக நின்றது. நான் எடுத்துத் தருகிறேன் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. மகள் பிறந்த நாளிலிருந்து அந்தக் கமராவில் அவளைத் தவிர வேறெதையும் நான் எடுத்ததில்லை. ஆனால் அந்தப் பக்கம் எனக்கு வேண்டும். படத்தின் கீழே சிறிய எழுத்தில் என் பெயர் வரும். தாயான பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

கணவர் உடனே சம்மதித்தார். "ஒரு நாள்தானே, போயிட்டு வாருமன்." அவருடைய தாய், என் மாமி, மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"பூச்சி பிடிக்கவோ பிள்ளை கம்பசுக்குப் போனனீர்?"

"பிடிக்கிறேல்லை மாமி, படம் எடுக்கிறது."

"எல்லாம் ஒண்டுதான். போம், நான் பாக்கிறன். உம்மட மனுசனையும் நான்தானே வளத்தனான். ஃபோனை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும்."

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். திருகோணமலை நகரில், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வளவு கல்லும் பற்றையுமாகக் கிடப்பது. கலியாணம் முடித்துப் போன புதிதில் கிணற்றடியில் ஒன்றைக் கண்டு "பாம்பு!" என்று கத்தினேன். மாமி அதைவிட என் சத்தத்துக்குத்தான் பதறினார். "பேரைச் சொல்லாதையும். பேர் சொன்னா திரும்பி வரும். பூச்சி எண்டு சொல்லும்." இரவில் மட்டும் அப்படிச் சொல்லும் வீடுகள் பல உண்டு. எங்கள் வீட்டில் பகலிலும் அது பூச்சிதான். நானும் பழகிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய முதலே பஸ் எடுத்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டும்போதே ஒருமுறை வீட்டுக்கு அழைத்தேன், மூதூரில் இன்னொருமுறை. மகள் எழும்பிவிட்டாள், பால் குடித்துவிட்டாள். மூன்றாம் முறை அழைக்க வெட்கமாக இருந்ததால் அழைக்கவில்லை. அழைத்திருக்கலாமோ என்று தோப்பூர் வரும்வரை யோசித்தேன்.

என்னோடு படித்த சிநேகிதி ஒருத்தி தோப்பூரில் இருக்கிறாள், அங்கேயே ஆசிரியை. அவளும் ஓட்டோ ஓடும் அவள் கணவரும் எனக்காகக் காத்திருந்தார்கள். இரைக்குக் கள்ளு ஊற்றிப் பழத்தைப் புளிக்கவைப்பது நல்லது என்று எங்கோ படித்திருந்தோம். அவர்கள் முஸ்லிம்கள், வீட்டுக்குள் கள்ளு வராது. அதனால் அன்னாசித் தோலோடு இறால் தலைகளைப் போட்டு வாளியில் மூடி வெயிலில் ஊறவைத்திருந்தாள். மூடியைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது.

"தங்கச்சி, இந்த மணத்துக்குப் பேயும் வராது," என்றார் அவள் கணவர்.

"பேய் ஏன் வரணும், அதான் நீங்க வந்திட்டீங்களே," என்றாள் அவள்.

வயல் ஓரத்தில் ஓட்டோவை விட்டுவிட்டு நடந்தோம். யானை வரும் பக்கத்தைப் பார்த்தபடி அவர் வரம்பிலேயே நின்றுகொண்டார். காட்டின் விளிம்பில் ஒரு பெரிய புளியமரம். அதன் அடியில் வெட்டிப்போட்டிருந்த மரக்குற்றியில் இரையைப் பூசினோம். பிறகு காத்திருப்புத்தான். வந்ததெல்லாம் ஈக்கள், குளவிகள், எங்கும் காணும் சின்னச் சின்னப் பழுப்புப் பூச்சிகள். வெயில் ஏறியது. சிநேகிதி தன் பாடசாலைக் கதைகளைக் குசுகுசுத்தாள். நான் பாதி கேட்டேன், பாதி ஃபோனில் சிக்னல் கோடுகளைப் பார்த்தேன்.

"புள்ளய நாய் தூக்கிட்டுப் போகாது. பேசாம இரி," என்றாள்.

கறுப்பு ராஜா வந்தபோது அதன் நிழல்தான் முதலில் தெரிந்தது. மரத்தை வேகமாகச் சுற்றியது. எட்டாத உயரத்தில் ஓர் இலையில் அமர்ந்து வெயில் காய்ந்தது. திரும்பச் சுற்றியது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கீழே. அப்புறம் குற்றியில் வந்து குந்தியது, சிறகை மூடிக்கொண்டு. அடிப்பக்கம் கருஞ்சிவப்பு. அது உறிஞ்சத் தொடங்கினால் பக்கத்தில் போகலாம், விலகாது. எனக்கு அது தெரியும். முழங்காலில் ஊர்ந்து போனேன். லென்ஸ் வழியாக அதன் மஞ்சள் உறிஞ்சுகுழல் தெரிந்தது. சிறகை ஒருமுறை விரிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

ஃபோன் அடித்தது.

எடுக்காமல் விட்டிருக்கலாம் என்று இப்போது யாரும் சொல்லலாம். நான் எடுத்தேன். மாமியின் குரல் துண்டு துண்டாக வந்தது. "பிள்ளைக்கு... முருங்கையடியில... பூச்சி கடிச்சு... வீங்கி..." அவ்வளவுதான். அறுந்துவிட்டது.

நான் எழுந்து நின்றதும் வண்ணத்துப்பூச்சி போய்விட்டது. அது போனதைக்கூட நான் பார்க்கவில்லை. சிநேகிதி பிறகு சொன்னாள்.

வரம்பில் ஓடினோம். அவள் கணவர் ஒன்றும் கேட்காமல் ஓட்டோவைத் திருப்பினார். வழி முழுக்க அழைத்தேன். மாமியின் ஃபோன் எந்த நேரமும் வேறு அழைப்பிலிருந்தது. சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். கணவர் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார் என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்தேன். பாலத்துக்குக் கிட்ட வந்தபோது சிநேகிதி குர்ஆன் ஓதத் தொடங்கினாள். அதுதான் என்னை முழுதாக உடைத்தது.

நேரே ஆஸ்பத்திரி. "ரெண்டு வயசு, பாம்பு கடிச்சு..." அந்தப் பேரை அவர்களிடம் சொல்லித்தானே ஆகவேண்டும். தாதி எனக்காக இரண்டு இடத்தில் கேட்டுப்பார்த்தார். அப்படி ஒரு பிள்ளை வரவில்லை. வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நின்ற இடத்திலேயே நின்றேன். என் உடுப்பில் இறால் நாற்றம். பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து தள்ளிப் போய் அமர்ந்தார்.

அப்போது கணவர் அழைத்தார். எங்கே நிற்கிறேன் என்று சொன்னேன். "ஆஸ்பத்திரியிலயோ? ஏன், உமக்கு என்ன நடந்தது?"

வீட்டுக்குப் போனபோது மகள் கதிரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். கையில் சிவப்பாய்த் தடிப்பு, மேலே தேங்காயெண்ணெய். முருங்கையிலிருந்து விழுந்த மயிர்க்கொட்டிப் புழு கையில் பட்டிருக்கிறது.

"மாமி, நான் ஆஸ்பத்திரிக்கெல்லோ போயிட்டு வாறன்!"

"ஆர் போகச் சொன்னது? நான் பூச்சி கடிச்சதெண்டு மட்டும்தானே சொன்னனான்."

"நீங்கள் அதுக்கும் பூச்சி எண்டுதானே சொல்லுறனீங்கள்."

"மயிர்க்கொட்டி பூச்சியில்லாம என்ன, மாடோ?"

கணவர் சிரித்தார். வாசலில் நின்ற சிநேகிதியின் கணவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். எனக்கும் சிரிக்கவேண்டும் போல இருந்தது, அழுகைதான் வந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்ற நிம்மதியில் அழுகிறேன் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. மாமி தேத்தண்ணி கொண்டுவந்து தந்தபடி, "தாய் பக்கத்தில இல்லாத நேரம் பாத்துத்தான் எல்லாம் வரும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேத்தண்ணியை வாங்கிக் குடித்தேன்.

மயிர்க்கொட்டி என்ற சொல்லை அவர் சொல்லி அது சிக்னலில் விழுந்துபோயிருக்கலாம். சொல்லாமலும் விட்டிருக்கலாம். பூச்சி என்ற சொல் எனக்கு என்ன செய்யும் என்று தெரிந்தே சொன்னாரா என்று பல நாள் நினைத்தேன். அப்படி நினைப்பதற்காக என்னையே ஏசிக்கொண்டேன். பிறகு திரும்பவும் நினைத்தேன். கமராவில் இருந்தது ஒரே ஒரு படம். எழும்பும்போது விரல் பட்டு எடுபட்டது. மண்ணும் என் செருப்பின் நுனியும்.

இன்னொரு வாரம் பொறுக்கலாம் என்று குழுவில் சொன்னார்கள். வீட்டில் கேட்டேன்.

"போமன். ஆர் மறிச்சது?" என்றார் மாமி.

"போறதெண்டாப் போம்," என்றார் கணவர்.

சனிக்கிழமை கமரா மின்கலத்துக்குச் சார்ஜ் ஏற்றிவைத்தேன். விடிய, புறப்படும் நேரம், மகள் படுக்கையில் ஒருமுறை இருமினாள். இருமலா, தும்மலா என்றுகூடச் சரியாகத் தெரியவில்லை. நெற்றியைத் தொட்டுப்பார்த்தேன். சூடு இல்லை. திரும்பவும் தொட்டேன். பிறகு சிநேகிதிக்கு அழைத்து, ஏலாது என்றேன்.

"ஓம், எனக்குத் தெரியும்," என்றாள். "நான் அங்கால போறன்தானே. சும்மா பாத்துட்டு வாறன்."

மதியத்துக்கு முதல் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது. ஃபோனில் எடுத்தது. அன்னாசித் தோலின்மேல் கறுப்பு ராஜா, சிறகு முழுதாக விரிந்தபடி. பட்டியும் தெளிவு, வால்களும் தெளிவு. கூடவே ஒரு குரல் செய்தி: "கிட்டப் போனன், அப்படியே இரிந்திச்சு. நல்ல மனிசன். ஒன்ட பேர்லயே அனுப்பு புள்ள, எனக்கு என்னத்துக்கு?"

மகள் என் மடியில் ஏறி ஃபோனைப் பிடுங்கப் பார்த்தாள். இருமல் இல்லை. அன்று முழுக்க இருமவே இல்லை. இரண்டு முறை என் பெயரை எழுதினேன், அழித்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளே தருகிறாள். கடைசியில் அவள் பெயரில்தான் அனுப்பினேன். அதை நேர்மை என்று சொல்லமாட்டேன். என் பெயரில் வந்தால் ஒவ்வொரு முறை அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதும் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

புத்தகம் வந்தது. அவளுக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். வகுப்பில் யாரோ பிள்ளை கேட்டதென்று அன்றைக்கே கொடுத்துவிட்டாளாம். நல்ல படம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மாமியும் சொன்னார். நானும் சொன்னேன்.