வருத்தக்காரர் வாழைக்காய் பொரித்த கதை

கட்டிலில் படுத்திருப்பவர்தான் வருத்தக்காரர், அதாவது நோயாளி, என்பது என் கணவரின் அசைக்க முடியாத கொள்கை. காய்ச்சல் என்றால் போர்வை வேண்டும், கால் முறிந்தால் கட்டு வேண்டும். என்னோடு வேலை செய்யும் நண்பருக்கு மனம் சரியில்லை, டொக்டர் லீவு கொடுத்திருக்கிறார் என்று சொன்னபோது, "அப்ப எங்கை கட்டுப் போட்டிருக்கினம்?" என்று கேட்டவர் அவர்.

நண்பர் ஹெயிட்டியிலிருந்து வந்த கறுப்பினத்தவர். கனடாவின் மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், நான் பெட்டி அடுக்கும் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். அவரும் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் கதைப்பது பிரெஞ்சில். அவருடையது நல்ல பிரெஞ்சு, என்னுடையது பாவப்பட்ட பிரெஞ்சு. எனக்குள் எல்லாமே யாழ்ப்பாணத் தமிழாகத்தான் பதிவாகும் என்பதால் அப்படியே எழுதுகிறேன்.

வேலை முடிந்து போகும்போது வாசலில் அவருடைய பையை மட்டும் திறந்து காட்டச் சொல்வார்கள். என் பைக்குள் யானைக்குட்டி ஒன்று இருந்தாலும் "பொன்சுவார்" என்று மாலை வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "நானும் கறுப்புத்தானே, என்ரை பையை ஏன் பாக்கிறேல்லை?" என்று ஒருநாள் வாசலில் சண்டைக்கே போனேன். அண்ணைதான் என்னை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் வேலை பழக்கிவிட்டவர்கள் எல்லாம் அவருக்கு மேலே போய்விட்டார்கள். ஒருமுறை ஸ்கேனர் ஒன்று காணாமல் போனது. முதலில் விசாரிக்கப்பட்டவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா? அது சூப்பர்வைசரின் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது. மன்னிப்பு மட்டும் இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு, பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அண்ணைக்குக் கை நடுங்கத் தொடங்கியது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சனிக்கிழமை நானும் கணவரும் வருத்தம் பார்க்கப் புறப்பட்டோம். முன்கூட்டியே போன் பண்ணும் வழக்கம் எங்களிடம் கிடையாது. சொன்னால் வருத்தக்காரர் தேநீர் போட எழும்பிவிடுவாராம். தோடம்பழம், மால்ட் மா, பிஸ்கற் எல்லாம் பையில். அண்ணை குடியிருக்கும் செயின்ட்-மிஷேலில் காரை நிறுத்தியதும் கணவர் கண்ணாடியில் பார்த்து முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

கதவைத் திறந்த அண்ணை ஏப்ரன் கட்டியிருந்தார். உள்ளே பாட்டு அலறியது. என்னைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"உங்களைக் கொம்பனி அனுப்பினதோ?" என்று கேட்டவர், பதிலுக்கு நிற்காமல் உள்ளே ஓடினார். பின்னாலேயே போய்ப் பார்த்தால் கட்டிலில் கிடக்கிறார். கழுத்துவரை போர்வை, போர்வைக்கு வெளியே எண்ணெய்க் கரண்டி.

என் கணவருக்குப் பரம திருப்தி. கொள்கைக்கு ஏற்ற வருத்தக்காரர்! பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா மெலிஞ்சு போனார்" என்றார். உண்மையில் அண்ணை கொஞ்சம் கொழுத்திருந்தார். "ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ" என்று தொடங்கி, யோசித்து யோசித்தே செத்துப்போன தன் பெரியப்பாவின் கதையை முழுதாகச் சொன்னார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. பெரியப்பாவை என் பிரெஞ்சில் எப்படியோ உயிர் பிழைக்க வைத்தேன்.

அப்போதுதான் குசினியிலிருந்து புகை வந்தது.

"ஐயோ, என்ரை வாழைக்காய்!" என்று வருத்தக்காரர் பாய்ந்தோடினார்.

"கொம்பனி அனுப்பேல்லை அண்ணை. எங்கடை ஆக்கள் இப்பிடித்தான், சொல்லாமல் வந்து நிப்பம்" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கருகாத துண்டுகளைப் பொறுக்கித் தட்டில் போட்டுத் தந்தார். நல்ல ருசி. என் கணவர் சோக முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

மேசையில் இருந்த போன் அடித்தது. சூப்பர்வைசரின் நம்பர். அண்ணையின் கையிலிருந்த தட்டு ஆடியது. அதை மெதுவாக வைத்துவிட்டு, "வாறன்" என்று சொல்லிக் குளியலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. போன் ஓய்ந்து மறுபடியும் அடித்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள் அவர் அழுவது கேட்டது. என் கணவர் வாயிலிருந்த வாழைக்காயை விழுங்காமல் இருந்தார். அண்ணை சட்டைக் கழுத்து நனைந்தபடி சிரித்துக்கொண்டே வந்து, "இன்னும் ரெண்டு போடட்டோ?" என்றார். போடுங்கோ என்றோம்.

வீட்டு வாசலில் கணவர் காரை நிறுத்திவிட்டுத்தான், "அந்தாளுக்குப் பெரிய வருத்தமப்பா" என்றார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையை, புகை வந்த இடம் வரைக்கும், எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன். என் வாயில் எது நிற்கும்? பின்னேரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"அவர் எழும்பி நடக்கிறார், சமைக்கிறாராம். அப்ப வருத்தம் பொய்தானே? மேலை அறிவிக்க வேணும், சொல்லுங்கோ."

அண்ணையின் வேலை என் வாயில் தொங்கியது. ஆள் படுத்த படுக்கை, தண்ணீரும் இறங்குவதில்லை என்று ஒரு பெரிய பொய் நாக்கு நுனியில் நின்றது. கோபம் அதை முந்திக்கொண்டது.

"ஓம், பொரிச்சவர். சிரிச்சவர். எங்களுக்கும் தந்தவர். நீங்கள் போன் அடிச்ச உடனை கை நடுங்கிக் குளியலறைக்குள்ளை போய் அழுதவர். அவருக்கு வருத்தம் காலிலை இல்லை, உங்கடை நம்பரிலை இருக்கு. எங்கை வந்து சொல்லச் சொன்னாலும் இதையே சொல்லுவன்."

சூப்பர்வைசர் என்னை வேலையைப் பார்க்கச் சொன்னார். மேலே என்ன அறிவிப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் தரிப்பிடத்தில் நின்று பயந்து பயந்து அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். வாழைக்காய் பொரிச்சதையும், அழுததையும். கோவிக்காதேங்கோ."

"நான் தண்ணியைத் திறந்து விட்டனான். உங்களுக்குக் கேட்டதோ?" என்றார்.

"கேட்டது."

"உங்கடை அவருக்கும்?"

"ரெண்டு பேருக்கும் கேட்டது, அண்ணை."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் கேக்கேல்லை எண்டு நினைச்சன்."

அவர் போனை வைக்காமலே அழுதார். பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நானும் வைக்கவில்லை.