டெல்மரின் ஈயப் பானை

டெல்மர் ஹக்கபி தங்கமான மனிதர், கையில் திருப்புளி இல்லாதவரை. பள்ளிப் பேருந்துப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற எதையும் நிம்மதியாக ஓடவிட மாட்டார்.

மேற்கு வர்ஜீனியாவில் அவர்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் இலையுதிர் காலப் போட்டி உண்டு. அவரவர் வார்த்த குண்டைத்தான் அவரவர் சுட வேண்டும். டெல்மருக்கும் மனைவியின் தம்பியான மச்சான் க்ளோவிஸுக்கும் அதில் தனிப் பந்தயம்: தோற்றவர் தேவாலய விருந்தில் ரோஜா நிற ஏப்ரன் கட்டிக்கொண்டு ஊருக்கே பீன்ஸ் பரிமாற வேண்டும். மூன்று வருடமாக ஏப்ரன் டெல்மருக்குத்தான். இந்தத் தடவையும் கட்டினால் மானம் போய்விடும்.

போட்டிக்கு முதல் நாள் கொட்டகையில் ஈயம் உருக்கும் பானை மக்கர் செய்தது. நெம்புகோலைத் தூக்கினால் அடித்துளை வழியே ஈயம் குண்டு அச்சில் விழ வேண்டும், இறக்கினால் நிற்க வேண்டும். இறக்கியும் சொட்டிக்கொண்டே இருந்தது. அடைப்புக் கம்பியைத் திருகினார், அடியோடு நின்றுபோனது. வளைந்த கம்பியால் குத்தினார், பழையபடி சொட்டியது.

"கொஞ்ச நேரம் அதைச் சும்மா விடேன் டெல்மர்" என்றாள் மனைவி லோரீன்.

"அழுக்கு அடைச்சிருக்கு. மெழுகு போட்டா மேல வந்துடும்."

"போடு. அதுக்கு என் லாவண்டர் மெழுகுவத்திதான் கெடைச்சுதா?"

கொட்டகை மணத்தது, பானை மசியவில்லை. புத்தியுள்ளவன் அங்கேயே நிறுத்தியிருப்பான். இவர் சூட்டை முழுதாக ஏற்றினார். டயர்க் கடையில் வேலை செய்யும் க்ளோவிஸ் கொடுத்த, சக்கரம் ஆடாமலிருக்க விளிம்பில் மாட்டும் பழைய ஈய எடைகளைத்தான் உருக்கிக்கொண்டிருந்தார். அவற்றில் சில துத்தநாக எடைகளும் கலந்திருந்தன. சூடு அளவாக இருந்தால் துத்தநாகம் உருகாமல் மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போடலாம். இப்போதோ எல்லாம் ஒன்றாகக் கலந்து, ஈயம் ஓட்ஸ் கஞ்சியாகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து க்ளோவிஸ் போன் செய்தான். "மச்சான், மீதி எடையை இப்பதான் பானையில போடறேன். உனக்கு எப்படிப் போகுது?"

டெல்மர் கஞ்சியைப் பார்த்தார். ஏப்ரன் கண்முன் வந்தது.

"அருமையா போகுது. சூட்டை மட்டும் முழுசா ஏத்திடு. அதுதான் சூட்சுமம்."

மறுநாள் டெல்மரின் சொத்தைக் குண்டுகளில் ஒன்றே ஒன்று இலக்கில் பட்டது, அதுவும் பக்கத்து ஆளுடைய இலக்கில். க்ளோவிஸோ நடு வட்டத்தைச் சல்லடையாக்கிவிட்டான்.

விருந்தில் தட்டை நீட்டிக்கொண்டு வந்தான். "உனக்கு நன்றி சொல்லணும் மச்சான்."

"எதுக்கு?"

"சூட்டை ஏத்தச் சொன்னியே, அதுக்குத்தான். நீ எதைச் சொன்னாலும் நேர்மாறா செய்யணும்னு உன் கல்யாணத்தன்னைக்கே எங்கப்பா சொல்லிட்டாரு. கொறச்சு வெச்சேன். துத்தநாகம் பூரா மேல மிதந்துச்சு, அள்ளி வீசிட்டேன்."

சூட்டைக் குறை என்று உண்மையைச் சொல்லியிருந்தால் முழுதாக ஏற்றியிருப்பான்! டெல்மர் ரோஜா நிற ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டார். அடுத்த வருடம் இந்தப் பாவியிடம் உண்மையைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று கறுவிக்கொண்டே, தட்டில் பீன்ஸைப் போட்டார்.