விருப்பமில்லை என்று நான் எழுதிய பதினெட்டுப் பேர்

நெமிலிச்சேரிப் பக்கம் உள்ள எங்கள் கல்லூரியில் மாணவர் சேர்க்கையைப் பார்த்துக்கொள்பவர் ஞானகுமாரி மேடம். முத்தாபுதுப்பேட்டைக்காரர். பதினோரு வருஷம் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்துகொண்டே கரெஸ்பாண்டன்ஸில் டிகிரி முடித்தவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்க்கிறேன். எங்கள் வம்சத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதை எங்கேயும் கூச்சமில்லாமல் சொல்வேன்.

போன ஜூனில் நிர்வாகம் கெடு வைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் இயற்பியலில் இருபது பேர் சேராவிட்டால் அந்தப் படிப்பையே மூடிவிடுவார்கள். சேர்ந்திருந்தது பன்னிரண்டு பேர்.

"மூடிட்டா அந்தப் பன்னெண்டு பேரும் எங்க போவாங்க?" என்று கேட்டுவிட்டு மேடம் என் நோட்டை வாங்கினார். இயற்பியலுக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் பட்டியல் அது. பதினெட்டுப் பெயர்களுக்கு நேரே 'விருப்பமில்லை' என்று எழுதியிருந்தேன்.

"இவங்க வாயால சொன்னாங்களா?"

"மூணு தடவை அடிச்சேன் மேடம். யாரும் எடுக்கல."

"எத்தனை மணிக்கு?"

"காலைல... பத்து, பதினொண்ணு."

அவர் விண்ணப்பங்களைப் புரட்டினார். எல்லாம் அப்பாக்களின் நம்பர். பெரும்பாலோருக்குத் திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை.

"உள்ள போறப்பவே போனை வாங்கி வச்சிடுவாங்கப்பா. ஷிப்ட் முடிஞ்சு மூணு மணிக்குத்தான் கைக்கு வரும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் அப்பாவும் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத்தான் கழனிக்குப் போவார். இதை நானல்லவா யோசித்திருக்க வேண்டும்?

அன்று மூன்று மணிக்கு ஒரு கம்பெனி கேட்டுக்கு வெளியே இருவரும் நின்றோம். பட்டியலில் இருந்த ஜோதிகாவின் அப்பா ஜெகதீசனின் நம்பருக்கு அடித்தேன். பத்தடி தள்ளி ஒருவர் போனைக் காதில் வைத்தார்.

"இன்னா மேடம், காலேஜே கேட்டாண்ட வந்துகீது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "லிஸ்ட்ல பேர் வந்தா போன் வரும்னு சொன்னீங்க. வரவேல்ல. ஏதோ தெரியாத நம்பர் மிஸ்டு கால்தான் கெடந்துது. சீட்டு கெடைக்கலன்னு ஜோதிகா அழுதுகினு கீது. நாளைக்குப் பேக்கிங் வேலைல சேத்துடலாம்னு கீறேன்."

"பேக்கிங் வேணாம். நாளைக்குக் காலேஜுக்கு அனுப்புங்க."

அவர் என்னைப் பார்த்தார். "அப்போ தப்பு இந்தத் தம்பி மேலயா?"

"எங்க மேல," என்றார் மேடம்.

அதன் பிறகு மூன்றிலிருந்து ஐந்து வரைதான் போன். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராக வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம் இருபத்தொன்று ஆனது, ஜோதிகாவையும் சேர்த்து. இயற்பியல் தப்பித்தது.

விண்ணப்பத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் மேடம்: 'எத்தனை மணிக்கு அழைத்தால் எடுப்பீர்கள்?' அதை டைப் செய்து முடித்த கையோடு, நோட்டில் இருந்த 'விருப்பமில்லை' பதினெட்டையும் கோடு போட்டு அடித்தேன்.

"இன்னும் ஒம்பது பேர் பாக்கி மேடம். அதான் இருபது தாண்டிடுச்சே?"

"மணி மூணாச்சு," என்றார். "அடிப்பா."